புள்ளி வைத்த எழுத்து

எழுத்துக்கு எட்டு ரூபாய் என்றார் கல்தச்சர்.
புள்ளி வைத்ததென்றால் நாலு.
"அதுல உயிர் இல்லீங்களே, பாதி போதும்."
டேனிஷ்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
லாரிகள் கிளப்பும் வெள்ளைத் தூசியில் உட்கார்ந்து
அத்தியப்பனை எண்ணினேன்:
ஏழு எழுத்து, மூன்று புள்ளி.
நாற்பத்துநாலு ரூபாய்.

நிழற்குடைக்கு அவர் பெயர் வைக்கிறார்கள்.
வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டுமாம்,
அவருடைய தீர்மானப் புத்தகத்தை
பதினோரு வருஷம் எழுதியவன் என்பதால்.
கல் மூன்றடிக்கு இரண்டடி.

முதலில் மாடு.
சேர்வராயன் அடிவாரத்தில் அறுபத்துமூன்று உருப்படி,
எல்லாம் ஆலம்பாடி.
விடியலில் பட்டிப் படலைத் திறந்து
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம் கொடுத்தால்
காப்பித் தோட்டத்து வேலிவரை போனதும் திரும்புமாம்.
வெக்கை வந்த வருஷம் பதினேழே நாளில்
நாற்பத்தெட்டைப் புதைத்தார்.
மிச்சத்தை மச்சினனிடம் விட்டுவிட்டு
சேலத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நடந்தார்.
மார்பளவு எடுத்தவன் கேட்டானாம், என்ன தெரியும்?
மாடு தெரியும்.
கோவேறு கழுதைகளைக் கொடுத்தார்கள்.

பர்மாவைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை.
கூட வந்தவர்கள் பேசினார்கள்;
சுட்ட கணக்கு ஊருக்கு ஊர் கூடியது.
தேர்தலில் காளைச் சின்னம் கேட்டார்.
அது ஏற்கெனவே வேறொரு கொட்டகையில் கட்டியிருந்தது.
ஏணி கிடைத்தது. ஏறினார்.
யூனியன் சேர்மன், ஜீப், ஜீப்புக்கு முன்னால் கொடி.
நல்லதும் செய்தார், மறைக்கக் கூடாது:
ஏழு ஊருக்குக் குழாய்த் தண்ணீர்,
ஒரு கால்நடை ஆஸ்பத்திரி, அதில் நிஜமாகவே மருந்து.

அப்புறம் அந்தப் புதன்கிழமை.
மேய்ச்சல் புறம்போக்கு நூற்றுப்பத்து ஏக்கரை
வெள்ளைக்கல் கம்பெனிக்கு விட ஆட்சேபணை இல்லை.
தலைவர்கள் பதினாறு பேரும்
தட்டில் இருந்த போண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
மலையிலிருந்து வந்த நியமன உறுப்பினர்
வெள்ளச்சி மட்டும் எழுந்து
எங்க மாடு எங்கே போகும் என்றாள்.
மூன்று முறை கேட்டாள்.
பேனாவை எடுத்தேன்.
என் மணிக்கட்டில் கை வைத்தார் சேர்மன்,
ஈனப்போகும் பசுவைத் தொடுகிற மாதிரி,
அவ்வளவு மெதுவாக.
எழுதினேன்: ஏகமனதாக நிறைவேறியது.

அன்று ராத்திரி செருப்பைக் கழற்றாமல்
ஆபீஸ் வாசலில் நின்றபடியே சொன்னார்:
"காட்டுக்குள்ள கத்தினா எதிரிக்குக் கேக்கும்னு
கழுதைங்களுக்குக் குரல அறுத்தாங்க, குமாஸ்தா.
அறுத்தது டாக்டரு. தலையப் புடிச்சது நான்.
மாட்டுக்காரன் கைன்னா அடங்கும்னு
என்னையத்தான் கூப்புடுவாங்க.
மயக்கம் தெளிஞ்சு எந்திரிக்கும்.
வாயத் திறக்கும். குளிர்ல ஆவி மட்டும் வரும்.
சத்தம் எங்கன்னு என்னையே பாக்கும்."

மாத்தி எழுதிடலாங்களா என்றேன்.
"நேரமாச்சு. பூட்டு."

அடுத்த தேர்தலில் நிற்கவில்லை.
மாடுகளை முத்துநாயக்கன்பட்டிச் சந்தையில் விற்றபோது
தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடிக்க வந்தார்களாம்.
கையைக் கொடுக்காமல்
ஒவ்வொரு மாட்டின் விலையையும்
சந்தை முழுக்கக் கேட்கும்படி கத்தினாராம்.
நஷ்டம்தான்.

விவசாயி. படைவீரர். ஒன்றியத் தலைவர்.
கமிட்டி கொடுத்த பணம் சரியாக அதற்குத்தான்.
சும்மா எண்ணிப் பார்த்தேன்.
ஏகமனதாக: ஆறெழுத்து, ஒரு புள்ளி கூட இல்லை,
அத்தனையும் உயிரோடு இருந்தது.
வெள்ளச்சி: ஐந்தெழுத்து, இரண்டு புள்ளி.
என் பையிலிருந்து முப்பத்திரண்டு ரூபாய் எடுத்து வைத்தேன்.
இது யாருங்க?
பின்பக்கத்துல போடுங்க என்றேன்.
"சிமென்ட்டுக்குள்ள போற பக்கமுங்க அது."
தெரியும்.
அவர் கல்லைப் புரட்டினார்.
உளி முதலில்
புள்ளிகளைத்தான் போட்டது.